கார் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால்

சித்திரை வெயிலில் ஒருநாள் என் சித்தப்பா திருச்சியிலிருந்து மதுரைக்குக் காரில் வந்துகொண்டிருந்தபோது, கொட்டாம்பட்டியைத் தாண்டியதும் எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. மேலூரில் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், அதுவரை போய்விடலாம் என்று ஓட்டினார். மேலூர் வருவதற்குள் என்ஜின் இறுகி நின்றுவிட்டது.

அந்த விளக்கு என்ஜின் எண்ணெயின் அளவைக் காட்டுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை. அழுத்தம் இல்லையென்றால், வேகமாகச் சுழலும் பாகங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே இண்டிகேட்டர் போட்டு, பாதுகாப்பாக ஓரம் கட்டி, உடனே என்ஜினை அணைத்துவிட வேண்டும். சமதரையில் பத்து நிமிடம் விட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியான ஆயில் ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுதாகச் செருகி எடுத்தால், அதன் நுனியில் உள்ள இரண்டு குறிகளுக்கு நடுவே எண்ணெய் ஒட்டியிருக்க வேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே இருந்தால் எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிட்டால், ரெக்கவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும்.

தெர்மாமீட்டர் வடிவச் சிவப்பு விளக்கு என்ஜின் சூடேறிவிட்டதைச் சொல்கிறது. உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது, ஆட்கள் நிறைந்த காரில் ஏசியும் ஓடினால், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்த வண்டி எளிதில் இந்த நிலைக்கு வந்துவிடும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்தால் என்ஜினின் சூட்டில் ஒரு பகுதி வண்டிக்குள் வந்துவிடும்; உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புழுக்கமாக இருந்தாலும், நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது என்ஜினைக் காக்கும். நிறுத்திய பிறகு அரைமணி நேரமாவது காத்திருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது: உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்து, மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும். சூடான என்ஜின்மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றும் பழக்கமும் ஆபத்தானது, உலோகம் விரிசல் விடலாம்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, வளைவுகளில் மட்டும் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு மின்னி மறைவதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். பிரேக் ஆயில் குறைந்திருந்தால், வண்டி சாயும்போது அது ஒருபக்கம் ஒதுங்கி இப்படி மின்னும். முதலில் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் மின்னினால், மலைப்பாதையில் மேற்கொண்டு ஓட்டாமல் ஓரம் கட்டுங்கள். பிரேக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டால் கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம், பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம் அல்லது எங்கோ கசியலாம்.

பேட்டரி விளக்கு எரிந்தால் பெரும்பாலும் கோளாறு பேட்டரியில் இல்லை, அதற்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டரிலோ அதன் பெல்ட்டிலோதான். சில வண்டிகளில் அதே பெல்ட் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவதால், வெப்பமானி முள்ளையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

மஞ்சள் விளக்குகள் அவ்வளவு அவசரப்படுத்துவதில்லை. என்ஜின் வடிவ விளக்கு நிலையாக எரிந்தால், நிதானமாக ஓட்டிச் சென்று ஓரிரு நாளில் மெக்கானிக்கிடம் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் வேகத்தைக் குறைத்து உடனே நிறுத்த வேண்டும். பிஎஸ் 6 மாசு விதிப்படி வந்த டீசல் கார்களை மதுரையில் சிம்மக்கல், பெரியார் பேருந்து நிலையம் என்று நகருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்குப் புகை வடிகட்டி அடைத்த விளக்கு வரும். திருமங்கலம் வரை நான்குவழிச் சாலையில் சீரான வேகத்தில் ஒருமுறை போய்வந்தால், படிந்த கரி எரிந்து அது பெரும்பாலும் அணைந்துவிடும்.

விளக்கு சரியாக வேலை செய்கிறதா என்பதையும் அவ்வப்போது பாருங்கள். என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், எண்ணெய் விளக்கும் என்ஜின் விளக்கும் எரிய வேண்டும். எண்ணெய் விளக்கு எரியவே இல்லையென்றால் ஆபத்து வரும்போதும் அது எரியாது. விளக்கை மறைக்க பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டாதீர்கள், மெக்கானிக்குக்குத் தேவையான பிழைக்குறியீடு அதோடு அழிந்துபோகலாம். நெடுஞ்சாலையில் தனியாக நின்றுவிட்டால், தடுப்புக் கம்பிக்கு அப்பால் குடும்பத்தை நிற்கவைத்துவிட்டு 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணை அழையுங்கள்.