பழைய ஃபைபர் படகுக்கு இன்ஜின் எடுக்கும் முன்

மேட்டூரில் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறேன். பழைய படகு வாங்கியவர்கள் வந்ததும் "எத்தனை ஹெச்பி போடலாம்ணே?" என்பார்கள். "பின்பலகையை அளந்தீங்களா?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இன்ஜின் மாட்டும் அந்தப் பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை நட்டநடுவில் டேப் பிடியுங்கள். 15 அங்குலத்தை ஒட்டி வந்தால் ஷார்ட் ஷாஃப்ட், அதாவது கால் குட்டையான இன்ஜின்; 20 என்றால் லாங், கால் நீளமானது. புரொப்பல்லருக்கு மேலே படுக்கையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையாகிவிட்டால் புரொப்பல்லர் காற்றை இழுத்து வீணாகக் கத்தும். நீளமாகிவிட்டால் வேகம் குறையும்; அணையில் தண்ணீர் இறங்கி, முங்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும் நாட்களில் பண்ணவாடிப் பக்கம் பாறையிலும் இடிக்கும்.

அப்படியே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் பலகையைத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்றால் சரி. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறிப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் இன்ஜின் விலை கேட்கப் போகாதீர்கள்.

அதிகபட்சம் எத்தனை ஹெச்பி என்று படகில் தகடு பதித்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது. 14 அடிப் படகு, மூன்று பேர், கொஞ்சம் வலை என்றால் 15 ஹெச்பி போதும் என்பேன். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலும் குறைவு, புகையும் குறைவு. ஆனால் டூ ஸ்ட்ரோக்கைவிடக் கனம். பலகை தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதென்றால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, பலம் 15 சதவீதம் வரை போய்விடும். பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் போட வேண்டும், கார்புரேட்டர் இன்ஜின் என்றால் பெட்ரோல் போகும் துளையான ஜெட்டையும் சின்னதாக மாற்ற வேண்டும்.

நம் பக்கம் கிடைக்கும் பழைய இன்ஜின்கள் பலவும் கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கடலில் ஓடியவை. வெளியே புதுப் பெயின்ட் மினுமினுத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகும் வழி அடைத்திருக்கும். கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆயில் எட்டிப் பார்க்கும். பால் நிறமாக இருந்தால் சீல் போய்த் தண்ணீர் கலந்துவிட்டது. கம்ப்ரஷனில், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தில், சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

"இப்பத்தான் சூடு பண்ணி வச்சேன்" என்று விற்பவர் சொன்னால் டீ குடித்துவிட்டு, ஆறின பிறகு வாருங்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை இழுப்பில் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கீழ்ப்பகுதி அதில் முங்கியிருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். வந்தாலும் சரி, வாங்கிய கையோடு அந்தத் தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாக மாட்டிவிடுங்கள். பழையது எத்தனை வருடம் ஆனது என்று விற்பவருக்கே தெரியாது.