மலையகத்துக் கணினிக் கடையொன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நெடுங்காலமாக இயங்கும் ஒரு கணினி விற்பனை, திருத்து நிலையத்தின் வரலாற்றை எழுத முனைபவர், முதலாளியின் நினைவை மட்டும் நம்பாமல், வியாபாரப் பதிவுச் சான்றிதழிலிருந்து தொடக்க ஆண்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்ததாகப் பற்றுச்சீட்டுப் புத்தகங்களையும் திருத்த வேலைப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். என் பார்வையில், விற்பனைக் கணக்கைவிடப் பழுதுகளின் பதிவேடே அதிகம் பேசும்: இடிமின்னல் மாதங்களில் கருகிய மோடங்கள், மூடுபனியின் ஈரத்தால் களிம்பேறிய இணைப்புகள், தரங்குறைந்த கொள்ளளவிகள் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் சிறு பாகங்கள்) வீங்கியதால் 2000களின் முற்பகுதியில் உலகெங்கும் செயலிழந்த மதர்போர்டுகள் ஆகியவற்றின் தடயங்கள் அதில் இருக்கக்கூடும். (கரையான் அரித்த பக்கங்களையும் எறிந்துவிடாதீர்கள்.)

திகதியில்லாத குறிப்பில் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவியதாக இருந்தால், அம்மென்பொருள் 2001 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்ததால், அக்குறிப்பு பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாகும். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் நின்றபோது கடைக்கு வேலை கூடியதா என்றும் விசாரியுங்கள்.

பழைய ஊழியர்களிடம் பேசும்போது, தோட்டத்துக் குடும்பங்கள் முதல் கணினியைச் சீட்டுப் பணத்தில் வாங்கினவா, தவணையில் வாங்கினவா என்பதையும், 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை நீண்டபோது கடையை எவ்வாறு நடத்தினார்கள் என்பதையும் தனித்தனியாகக் கேட்டு, முரண்படும் பதில்களை இரண்டாகவே எழுதி வையுங்கள்.