பெண் சமத்துவம் பேசப் போகும் தூதர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

2018 ஆகஸ்டில், சவுதியில் கைதான பெண் உரிமைச் செயல்பாட்டாளர்களை உடனே விடுவிக்க வேண்டும் என்று கனடா ட்விட்டரில் எழுதியது. ரியாத்தில் இருந்த அதன் தூதரகம் அதையே அரபியிலும் போட்டது. சவுதி கனடாவின் தூதரை வெளியேற்றியது, புதிய வர்த்தகத்தை நிறுத்தியது, கனடாவில் படித்துக்கொண்டிருந்த தன் மாணவர்களையும் திரும்பி வரச் சொன்னது. இரு நாடுகளும் மறுபடி தூதர்களை நியமிக்க முடிவெடுத்தது 2023-ல்தான்.

கனடா கேட்டது நியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொந்த நாட்டு வாசகருக்கு எழுதியதை அப்படியே அரபியில் போட்டால், அங்கே அது வெளியார் போடும் உத்தரவாகத்தான் கேட்கும். தன் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த அரசும் இறங்கிவராது. இப்படிப்பட்ட கோரிக்கையை முதலில் மூடிய அறையில் வைப்பதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். சிறையில் இருப்பவர் வெளியே வர வேண்டும், அதுதானே முக்கியம்?

இதைவிட அதிகம் நடப்பது வாத்தியார் தோரணை. சமத்துவம் ஏதோ மேற்கிலிருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் சரக்கு என்ற நினைப்பு. துனிசியா பலதார மணத்தைத் தடைசெய்தது 1956-ல். சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971-ல். 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. ஆப்பிரிக்காவில் பேசப் போகிறவர் ஐ.நா. தீர்மானங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்க ஒன்றியமே 2003-ல் ஏற்ற மபூட்டோ நெறிமுறையை எடுத்து வைக்கட்டும். பெண்ணுறுப்புச் சிதைப்பைத் தடைசெய்யச் சொல்லும் ஆவணம் அது. 'இது எங்கள் பண்பாடு இல்லை' என்று அதைத் தள்ளிவிடுவது அத்தனை சுலபமில்லை.

சொல்லிலும் கவனம் வேண்டும். பல்கேரிய மொழியில் உடல் சார்ந்த பாலுக்கும் (sex) சமூகம் வகுக்கும் பாலினத்துக்கும் (gender) வழக்கில் ஒரே சொல்தான். பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க வந்த இஸ்தான்புல் ஒப்பந்தம் அங்கே அந்தச் சொல்லில் சிக்கி, 2018-ல் அரசமைப்பு நீதிமன்றத்தில் விழுந்தது. வீட்டில் அடிவாங்கும் பெண்ணைப் பற்றிய பேச்சு அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

சரி, கேட்பவருக்கு ஏற்றபடி எவ்வளவு தூரம் வளையலாம்? 2024 ஜூன் 30 அன்று தோஹாவில் ஐ.நா. கூட்டிய பேச்சுக்குத் தாலிபான் வந்தது. அதன் அதிகாரிகள் உட்கார்ந்த மேசையில் ஆப்கன் பெண்கள் யாரும் இல்லை. பேச்சு முடிந்த பிறகுதான் ஐ.நா. தரப்பினர் ஆப்கன் பெண்களைத் தனியே சந்தித்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமிகள் பள்ளிக்குப் போக முடியாத நாட்டைப் பற்றிய கூட்டம் அது.