4கே மானிட்டரா? பிராசஸரில் மிச்சம் பிடிக்கலாம்

4கே மானிட்டரில் விளையாடத்தான் கம்ப்யூட்டர் கட்டுகிறீர்கள் என்றால், விலை உச்சத்தில் இருக்கும் பிராசஸர் வேண்டாம். புதிய தலைமுறையில் ஆறு அல்லது எட்டு கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ளதை எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். 4கே திரையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, சுமார் 83 லட்சம் பிக்சல்; இது 1080பி (ஃபுல் எச்டி) திரையின் நான்கு மடங்கு. அத்தனையையும் வரைவது கார்டு. பிராசஸர் பெரும்பாலும் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். சந்தேகமா? இப்போதுள்ள கம்ப்யூட்டரில் கேமின் ரெசல்யூஷனை (பிக்சல் எண்ணிக்கையை) குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (விநாடிக்கு வரும் ஃபிரேம்கள்) ஏறினால் கார்டுதான் தடை, அசையாமல் நின்றால் பிராசஸர்.

1080பி, 240 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 240 முறை புதுப்பிக்கும் திரையில்) கவுன்டர்-ஸ்ட்ரைக், வாலரன்ட் மாதிரி துப்பாக்கி கேம்கள் ஆடுபவர்களுக்கு இது பொருந்தாது. பிக்சல் குறைவதால் கார்டுக்கு வேலை குறைவு, அத்தனை ஃபிரேமுக்கும் ஈடுகொடுக்க வேண்டியது பிராசஸர். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் மாதிரி நகரம் கட்டும் கேம்களுக்கும் இது பொருந்தாது, அங்கே அத்தனை பேரின் நடமாட்டத்தையும் கணக்குப் போடுவது பிராசஸர்.