சமையலறைச் சுண்டெலி: முதலில் ஓட்டை, அப்புறம் பொறி

பொறி வைப்பதற்கு முன் வந்திருப்பது யார் என்று பாருங்கள். அரிசி மணியைவிடச் சிறிய, முனை கூர்ந்த புழுக்கை என்றால் சுண்டெலி. அரை அங்குல நீளம் இருந்தால் கூரையில் ஓடும் வீட்டெலி. நீண்ட மூக்கும் ஒருவித நாற்றமுமாகச் சுவரோரம் கீச்சிட்டு ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னி. கரப்பானை ஒழித்தால் அதற்கு அங்கே வேலை இருக்காது. இங்கே சொல்வதெல்லாம் சுண்டெலிக்கு.

பலரும் ஒரு பொறியை வாங்கி, ஒரு எலி விழுந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். வந்த வழி திறந்தே கிடக்கிறது, அடுத்தது வருகிறது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பென்சில் நுழையும் ஓட்டை என்றால் அதுவும் நுழையும். சிங்க்குக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடம், கேஸ் டியூப்புக்காகப் போட்ட துளை, ஏசி பைப் துளை, பின்கதவின் அடி, சாக்கடைத் துளை, பரண் மூலை ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகுங்கள். காலையில் அது வெளியே தள்ளப்பட்டிருந்தால் புழங்கும் வழி அதுதான். எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால் இரவில் சுவரோரம் மெல்லியதாகக் கோலமாவு தூவினால் காலடி காட்டிக்கொடுக்கும்.

அடைக்கும்போது வெறும் ஃபோமோ எம்-சீலோ மட்டும் வேண்டாம். ஃபோமைக் கடித்துக் குடைந்துவிடும், எம்-சீல் பெரிய ஓட்டையில் நிற்காது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். காற்று போகவேண்டிய துளைக்குக் கால் அங்குலத்துக்கும் குறைவான கண்ணுள்ள இரும்பு வலை. பிளாஸ்டிக் கொசுவலையைக் கடித்துவிடும். கதவடிக்குத் தகரப் பட்டையோ அலுமினியப் பட்டையோ அடிக்கலாம். கேஸ் டியூப்பில் பல் தடம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், தள்ளிப்போடவே கூடாது.

இனி பொறி. மரப்பெட்டிப் பொறியில் வைத்த தேங்காய் மட்டும் காணாமல் போய், கதவு விழாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கொக்கி பெரிய எலி இழுக்கும் வேகத்துக்கு அமைத்தது. சுண்டெலியின் எடை ஏறக்குறைய 20 கிராம்தான், நோகாமல் கொறித்துவிட்டுப் போய்விடும். அதனால் சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டையோ நூலால் கொக்கியில் கட்டுங்கள். பிடுங்கினால்தான் வரும், பிடுங்கினால் கதவு விழும். அடிக்கும் பொறி என்றால் கடலைப்பருப்பு அளவு வேர்க்கடலை வெண்ணெய் தடவினால் போதும். அதிகம் வைத்தால் ஓரத்திலிருந்தே நக்கிவிடும்.

சுண்டெலி சுவரை ஒட்டித்தான் ஓடும். நடு அறையில் வைத்த பொறி வீண். இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். கூட்டிலிருந்து சில மீட்டருக்குள்தான் அது சுற்றும், ஆகவே ஒரு சமையலறைக்கு ஐந்தாறு பொறி, ஆறடிக்கு ஒன்றாக. ஃபிரிட்ஜின் பின்னால் கம்ப்ரசர் சூட்டுக்கு அண்டுவது வழக்கம், அங்கே கட்டாயம் ஒன்று. பெரிய எலி புதுப்பொருளைக் கண்டு ஒதுங்கும், அதற்கு இரண்டு மூன்று நாள் பொறியை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கவேண்டும். சுண்டெலி வந்து முகர்ந்து பார்க்கும், எனவே முதல் இரவே ஏற்றிவிடலாம். அன்று இரவு மாவு, பருப்பு, நாய்த் தீனி எல்லாம் மூடிய டப்பாவில் இருக்கட்டும். வேறு சாப்பாடு கிடைத்தால் பொறிப் பக்கம் ஏன் வரவேண்டும்?

பசை அட்டை வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. உயிரோடு மணிக்கணக்கில் துடிக்கும், அங்கேயே சிறுநீர் கழிக்கும்.

விஷத்தில் இன்னும் கவனம் தேவை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. ஈரலைக் கெடுக்கும் அந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் இரவு தூங்கிய இரு குழந்தைகள் இறந்துபோனார்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக் காற்று பட்டாலே விஷவாயு விடும், வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. தவிர, விஷம் தின்ற எலி அலமாரிக்குப் பின்னால் செத்து நாறினால் எடுக்கவும் முடியாது.

புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசியாக மூக்குக்குள் போகும். எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு (பவுடர் அல்ல) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்தெடுங்கள். டாய்லெட் ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது.

கடைசி எலி விழுந்த பிறகும் மூன்று வாரம் பொறிகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சினை எலி 20 நாளில் குட்டி போடும், கூட்டில் மறைந்திருக்கும் குட்டிகளும் அதற்குள் வெளியே வரத் தொடங்கிவிடும்.