சோதனைக்கு முன் ஊகத்தை எழுத வையுங்கள்

அறிவியல் சோதனையைச் செய்து காட்டுவதற்கு முன், என்ன நிகழும், ஏன் நிகழும் என்பதை ஒவ்வொரு மாணவரையும் குறிப்பேட்டில் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். 1 மீட்டர் நூலில் தொங்கும் சிறு குண்டுக்குப் பதிலாகக் கனமான குண்டைக் கட்டினால் ஊசல் வேகமாக ஆடும் என்றே பலரும் எழுதுவார்கள். ஆனால் சற்றே இழுத்து விட்டால், இரண்டுமே ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ 2 வினாடிதான் எடுத்துக்கொள்ளும். தாம் எழுதியது பொய்த்ததைக் கண்ணெதிரே காணும் மாணவர், காரணத்தைத் தாமாகவே கேட்கத் தொடங்குகிறார். வாய்மொழியாகக் கேட்டால் முதலில் ஒருவர் சொல்லும் விடையையே மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், எழுத வைப்பது மிக முக்கியம். ஊகத்துக்கு மதிப்பெண் போடவே கூடாது. முன்னறிமுகம் சிறிதும் இல்லாத பாடப்பொருளுக்கு இம்முறை பொருந்தாது. அமிலம், நெருப்பு, மின்சாரம் ஆகியவற்றைக் கையாளும் சோதனைகளைப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.