வியர்க்கும் ஜன்னல், கறுக்கும் ஓரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் திரையை விலக்கினால் கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க நீர்முத்து. அது மெல்ல வழிந்து, கண்ணாடியும் சட்டமும் சேரும் இடத்து ரப்பர் பட்டையில் தேங்கி நிற்கிறது. சில வாரங்களில் அந்தப் பட்டையை ஒட்டி மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். உடனே கை போவது ப்ளீச் பாட்டிலுக்குத்தான். கறை போய்விடும், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடியும் வரும். பூஞ்சையைத் துடைத்தோமே தவிர, அது குடிக்கும் தண்ணீரை நிறுத்தவில்லை.

எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் வேலையில் இறங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. விரலால் தொட்டே பாதி தெரிந்துகொள்ளலாம். கண்ணாடியின் அறைப்பக்கம் ஈரம் என்றால் அது அறைக்காற்றில் இருந்த ஈரம். வெளிப்பக்கம் என்றால் கண்ணாடி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான், கவலை வேண்டாம். இரட்டைக் கண்ணாடியின் நடுவே மங்கல் படிந்தால் ஓரத்து அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகாது, அந்தக் கண்ணாடித் தொகுதியை மாற்ற வேண்டும். மழை பெய்த பிறகு மட்டும் மேல்மூலையில் கறை பரவினால் அது ஒழுகல்.

பக்கச் சுவரில் சந்தேகம் என்றால், ஒரு அடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். பின்பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முதலில் வெளிப்பூச்சையும் ஜன்னலைச் சுற்றிய விரிசலையும் பார்க்க வேண்டும்.

இனி அறைக்காற்றின் ஈரம். 20 டிகிரி செல்சியஸில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராகிவிடும். அதே காற்றில் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் பரப்பு 6 டிகிரி வரை இறங்கினாலும் முத்து பிடிக்காது. கண்ணாடியைச் சூடாக்குவதைவிட ஈரத்தைக் குறைப்பது எளிது என்பது இதனால்தான். இன்னொன்று: பூஞ்சை முளைக்கச் சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் போதும். தொட்டால் உலர்ந்தே இருக்கும் மூலை கறுப்பது அப்படித்தான்.

படுக்கையறையில் ஒரு ஈரப்பதமானி வைக்காமல் பூஞ்சை மருந்து வாங்கக் கிளம்புவது வீண். குளிர்காலத்தில் 40 முதல் 50 வரை நல்லது. 60-ஐத் தாண்டியே நின்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். மூடிய அறையில் இருவர் 8 மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் காற்றில் கலக்கிறது. மெஷினில் பிழிந்த ஒரு லோடு துணி, வீட்டுக்குள் காயும்போது சுமார் 2 லிட்டர் விடும். புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் அறையை உலர்த்தும் என்பது தலைகீழான நம்பிக்கை. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி பிறக்கிறது. இந்தக் கணக்கோடு பார்த்தால், வாரக்கணக்கில் சில நூறு மில்லி மட்டும் இழுக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா அலமாரிக்குச் சரி, அறைக்குப் போதாது.

துடைப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. ஜன்னலைத் துடைத்த துணியை அதே அறையில் நாற்காலி மேல் காயப்போடுவார்கள். எடுத்த தண்ணீரைத் திரும்பக் காற்றுக்கே கொடுப்பதுதான் அது. மேலிருந்து கீழே வழித்து, பட்டையின் இடுக்கையும் ஒற்றி, துணியைத் தொட்டியில் பிழிந்துவிட்டு வெளியே காயப்போடுங்கள்.

குளிர் நாட்களில் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தே வைப்பதும் பலன் தராது. காற்று மாறுவது குறைவு. ஜன்னலைச் சுற்றிய சுவர்தான் நாள் முழுக்கக் குளிர்ந்து, அங்கேயே பூஞ்சை பிடிக்கும். எதிரெதிர் ஜன்னல்களை 5 முதல் 10 நிமிடம் அகலத் திறந்து மூடுங்கள், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. எழுந்தவுடன் ஒன்று கட்டாயம். குளித்த பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை 20 நிமிடம் ஓட விடுங்கள்.

வெளியே வெப்பமும் புழுக்கமும், உள்ளே ஏசி என்றால் கதை மாறும். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரி பரப்பிலேயே முத்து பிடிக்கும். அப்போது ஜன்னலைத் திறப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பது போல. சட்டத்தின் இடைவெளிகளை அடையுங்கள், ஏசியை 25, 26-க்கு ஏற்றுங்கள். அறைக்கு மிஞ்சிய பெரிய ஏசி சீக்கிரம் குளிரூட்டி நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது.

அடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. அலுமினிய, யுபிவிசி சட்டங்களின் கீழே சிறு துளைகள் இருக்கும். பூச்சி வருகிறது என்று அவற்றையும் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை வைத்து மூடிவிடுகிறார்கள். தண்ணீர் வெளியே வடிவதற்கான வழி அதுதான். மெல்லிய கம்பியால் அழுக்கை எடுத்துவிட்டு, கீழ்த்தடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் வடிய வேண்டும்.

கனத்த திரையும் கண்ணாடியை ஒட்டி நிற்கும் அலமாரியும் அறையின் சூட்டை ஜன்னலுக்கு எட்டவிடாது. வெளிச்சுவருக்கும் மரச்சாமானுக்கும் 5 முதல் 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம் போட்டு, முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். பிளாஸ்டிக், கண்ணாடி போன்ற உறிஞ்சாத பரப்பில் கறை மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி ப்ளீச்சுக்கு மேல் வேண்டாம். 10 நிமிடம் விட்டுக் கழுவி, உலர்த்துங்கள். மரத்திலும் சுவர்ப்பூச்சிலும் ப்ளீச் மேலோட்டமாக வெளுக்கும், உள்ளே வேர்விட்டதை எட்டாது. ப்ளீச்சோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயு. அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வாயு. இரண்டுமே நச்சு. கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு, அந்த பாட்டில் ஜன்னலருகேதான் இருக்கும். பளிங்குத் திண்டில் வினிகர் பட்டால் அரித்துவிடும். கறை ஒரு சதுர மீட்டரைத் தாண்டினால் தொழில்முறை ஆட்களை அழைப்பதே நல்லது.

ஜன்னல் ஓரத்தை அடைத்திருக்கும் சிலிக்கான் கோட்டுக்குள்ளேயே கறுப்பு இறங்கிவிட்டால் தேய்த்துப் பயனில்லை. அதன் மேலேயே புதுச் சிலிக்கான் பூசுவது அதைவிட வீண், பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது. கத்தியால் முழுதும் வெட்டியெடுத்து, இடுக்கைச் சுத்தம் செய்து, குறைந்தது ஒரு நாள் உலரவிட்டு, பூஞ்சைத் தடுப்பு சேர்த்த சானிட்டரி சிலிக்கானை வையுங்கள். அது இறுக 24 மணி நேரமாவது ஆகும். அந்த இரவு கண்ணாடி வியர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டுக்கும் இதே விதி: ஈரச்சுவரில் உயிரோடு இருக்கும் பூஞ்சைமேல் பூசினால், சில மாதங்களில் பெயின்ட் உரிந்து கறுப்பு வெளியே வரும்.